கால் பத்தாத ஊர்

ஊசி அக்காவின் உதடுகளுக்கு நடுவே எப்போதும் மூன்று குண்டூசிகள் இருக்கும். கையில் துணி இல்லாதபோதும் இருக்கும். வான்படைக் கேடட் பிரிவின் சீருடைக் கிடங்கில் அவள் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பதினொரு வருடத்தில், சாப்பாட்டு நேரம் தவிர, ஊசி இல்லாத அவள் வாயைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. தைக்கிற வேலைக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உண்மை என்னவென்றால், வாயில் ஊசி இருப்பவளிடம் யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவள் கணவர். அவர் பஸ் கண்டக்டர். காலை முதல் மாலை வரை கத்திக்கொண்டே இருக்கிற பிழைப்பு.

"உன்ன மாதிரி நாலு பேர் என் பஸ்ல ஏறினா போதும்," என்பார். "இறங்கணும்னு சொல்றதுக்குக்கூட வெக்கப்பட்டுக்கிட்டு டிப்போ வரைக்கும் வந்துடுவாங்க."

சிறு வயதிலிருந்தே அவள் அப்படித்தான். ஏழாவது வகுப்பில் டீச்சர் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார். எழுந்தாள். புத்தகத்தைப் பிடித்தாள். சத்தம் வரவில்லை. வகுப்பே காத்திருந்தது. மணி அடிக்கும்வரை அப்படியே நின்றவள் மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. அந்தப் பக்கம் மட்டும் இன்றைக்கும் அவளுக்கு ஒரு எழுத்து பிசகாமல் மனப்பாடம்.

கிடங்கில் அவளுக்குப் பேச வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பக்கம் அலமாரியில் அளவு வாரியாகத் தொப்பிகள், பெல்ட்டுகள், பூட்ஸுகள். இன்னொரு பக்கம் மெஷின், அதற்கு மேல் மைதானத்தைப் பார்த்த ஜன்னல். ஜன்னல் பக்கத்து ஆணியில் அட்டையில் ஒட்டிய மாதிரித் துண்டுகள் தொங்கும்: காலர், பாக்கெட் மூடி, தோள்பட்டி. புதிதாகச் சேரும் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அவள் ஒரு விரல் காட்டினால் கையைத் தூக்க வேண்டும், இரண்டு விரல் காட்டினால் திரும்ப வேண்டும், மூன்று விரல் காட்டினால் டேப்பின் மேல்முனையைத் தொடை சேருமிடத்தில் தாங்களே பிடித்துக்கொள்ள வேண்டும். கீழ்முனையை அவள் குனிந்து பார்ப்பாள். அந்த அளவில் இரண்டு அங்குலம் குறைத்து நோட்டில் எழுதுவாள். பேண்ட் பூட்ஸின் மேல் கசங்கி நிற்கக் கூடாது அல்லவா, அதற்காக. தோள், மார்பு, இடுப்பு, கை, கால் என்று ஐந்து பத்திகள். அவள் தைத்த பேண்ட்டில் கால் சரியில்லை என்று இதுவரை ஒரு பிள்ளையும் திரும்பி வந்ததில்லை.

இந்தக் கடைசிப் பத்தியில்தான் வினை இருந்தது.

பிரிவை நடத்துகிற சார்ஜென்ட்டைப் பிள்ளைகள் மேகம் சார் என்பார்கள். எதைச் சொன்னாலும் பாதியில் வானத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். இருபது வருடம் விமானப் படையில் மெக்கானிக்காக இருந்தவர். விமானத்தின் வயிற்றுக்குள் புகுந்து புறப்படாத இடம் பாக்கி இல்லை. பறந்தது மட்டும் இரண்டே தடவை, இரண்டு தடவையும் பின்சீட்டில், அதில் ஒரு தடவை வாந்தி. அதை அவர் மறைத்ததில்லை.

"நான் வாந்தி எடுத்தேன், விமானம் எடுக்கல," என்று சனிக்கிழமை தோறும் அறுபது பிள்ளைகளை நிறுத்தி வைத்துச் சொல்வார். "அது பாட்டுக்குப் பறந்துச்சு. விழணும்னு அதுக்கு ஆசையே கிடையாது. பறக்கறதுக்குன்னே செஞ்சது. நீங்க பயப்படாம உக்காந்தா போதும். பைலட் ஆகறவன் வானத்துலருந்து குதிச்சா வர்றான்? இதே மாதிரி ஒரு மைதானத்துல, இதே மாதிரி மூக்க நோண்டிக்கிட்டு நின்னவன்தான். ஏய் மூணாவது வரிசை, உன்னத்தான்!"

பேச்சோடு நிற்கவில்லை அவர். டிப்போவில் கழித்துப் போட்ட பஸ் சீட் ஒன்றை ஊசி அக்காவின் கணவர் வாங்கிக் கொடுத்தார். அதைத் தகரக் கொட்டகையில் வைத்து, துடைப்பக் கட்டையை முன்னால் நட்டு, இரண்டு பக்கமும் பலகை அடித்து, எதிரே மேஜை விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து 'பறக்க' விடுவார். இடது பக்கம் திரும்பச் சொன்னால் பிள்ளைகள் சீட்டோடு சரிந்து விழும். விழுந்ததும் அடுத்த பிள்ளை ஏறும்.

இவ்வளவு செய்தும், பதினொரு வருடத்தில் அந்தப் பிரிவிலிருந்து ஒரு பிள்ளைகூட பைலட் பயிற்சிக்குப் போகவில்லை. பதினெட்டு வயது ஆவதற்குள் தலைமை அலுவலகத்துக்குப் படிவம் அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள். வருடத்துக்கு மூன்று, நான்கு என்று முப்பத்தாறு படிவங்கள். முப்பத்தாறுக்கும் ஒரே பதில்தான் வந்தது: 'உடல் அளவுத் தகுதி இல்லை. கால் நீளம் போதாது.'

முதல் வருடம் மேகம் சார் வருத்தப்பட்டார். இரண்டாம் வருடம் யோசித்தார். மூன்றாம் வருடம், இந்த ஊரிலேயே ஏதோ கோளாறு என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

"தண்ணிதான் சார்," என்றார் குமாஸ்தா. "பக்கத்து ஊர்ப் பிரிவுல வருஷத்துக்கு ரெண்டு பேர் தேறுறாங்க. அவங்களுக்கு ஆத்துத் தண்ணி. நமக்குக் குழாய்த் தண்ணி."

குமாஸ்தாவுக்குச் சிக்கனம் என்று பெயர். காகிதம், மை, மின்சாரம், சிரிப்பு எல்லாவற்றிலும் அவர் அப்படி. பென்சில் சுண்டுவிரல் நகத்தளவு ஆகும்வரை எழுதுவார், அதற்கப்புறம் காதில் செருகி வைத்திருப்பார்.

மேகம் சார் தண்ணீரோடு விட்டுவிடவில்லை. மைதானத்தின் ஓரத்தில் இரும்புக் கம்பி நட்டார். பிள்ளைகள் தினமும் பத்து நிமிடம் அதில் தொங்க வேண்டும், காலில் மணல் பை கட்டிக்கொண்டு. பார்க்கிறவர்களுக்குத் துணி உலர்த்தும் இடம் மாதிரி இருக்கும். அடுத்த வருடம் சீருடைக்கு அளந்தபோது ஊசி அக்கா ஒன்றைக் கவனித்தாள். கால்கள் இருந்த இடத்தில் இருந்தன. எல்லாருக்கும் கை அரை அங்குலம் நீண்டிருந்தது. யாரிடமும் சொல்லாமல் சட்டைக் கைகளை அரை அங்குலம் கூட்டித் தைத்துக் கொடுத்தாள்.

இப்படியே கொக்கின் முறை வந்தது.

கொக்கு அவள் நாத்தனார் மகள். வயது பதினேழு, பதினெட்டைத் தொட இன்னும் சில நாட்கள். பெயரை வைத்தவர்கள் தெருப் பிள்ளைகள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை, அவள் நடந்து வந்தால் இடுப்பு வந்து சேர்வதற்குள் பாதம் வந்துவிடும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தால் அடுத்தவர் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசை. தகரக் கொட்டகையில் துடைப்பக் கட்டையைப் பிடித்து, சரிந்து விழாமல் பத்து நிமிடம் 'பறந்த' ஒரே கேடட் அவள்தான். அன்றைக்கு மேகம் சார் விசிறியை நிறுத்திவிட்டு வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

அந்தப் புதன்கிழமை அவர் கையில் ஒரு கவருடன் கிடங்குக்குள் வந்து, பூட்ஸ் பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். பின்னாலேயே கொக்கு வந்து கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"பாத்தியாம்மா? கொக்குக்கே கால் பத்தலையாம்!" என்றார்.

ஊசி அக்கா மெஷின் மிதியை நிறுத்தினாள்.

"சார், பஸ்ல உக்காந்தா முன்சீட்டு ஆள் முதுகுல என் முட்டி இடிக்குது," என்றாள் கொக்கு. "மாமாவே எத்தன தடவ திட்டியிருக்காரு, 'உன் கால டிக்கெட் எடுக்காம ஏத்தாதே'ன்னு. எனக்கா பத்தலை?"

"அவங்க விமானம் எவ்ளோ பெருசோ, யாருக்குத் தெரியும்!"

"எவ்ளோ நீளம் வேணும்னு கேளுங்க சார்."

"கேக்கலன்னு நெனச்சியா? அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே மரியாதையா லெட்டர் போட்டேன். என்ன பதில் வந்துச்சு தெரியுமா? 'படிவத்தின் பின்பக்கம் காண்க.' அவ்ளோதான். நானும் திருப்பிப் பாத்தேன். வெள்ளையா இருந்துச்சு. தலைகீழாப் பிடிச்சேன். வெளிச்சத்துல காட்டினேன். ஒண்ணும் இல்ல. அப்புறம்தான் உறைச்சுது. 'உன் வேலயப் பாத்துக்கிட்டுப் போடா'ங்கறத பெரிய எடத்துல இப்படித்தான் நாசூக்கா சொல்வாங்க போலிருக்கு."

அவர் எழுந்து தொப்பியைச் சரிசெய்தார்.

"வர்ற செவ்வாய்க்கிழமை உனக்குப் பதினெட்டு. அதோட முடிஞ்சுது. சனிக்கிழமை அணிவகுப்புல எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன். இனிமே பைலட் பேச்சு கெடையாது. பேண்ட் வாத்தியக் குழு நல்லா இருக்கு. ட்ரம் அடிக்கறதுக்கு யாரும் கால அளக்க மாட்டான்."

அவர் போய்விட்டார். கொக்கு போகவில்லை.

"அத்தை, நெஜமாவே என் கால் குட்டையா?" என்றாள்.

ஊசி அக்கா மூன்று ஊசிகளுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினாள், இல்லை என்று. கொக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள்.

பின்பக்கம் என்ற சொல் ஊசி அக்காவின் காதிலேயே நின்றது. துணிக்கு முன்பக்கம் பின்பக்கம் பார்க்கிறவளுக்கு அந்தச் சொல் சும்மா போகாது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நினைவுக்கு வந்தது. மாதிரி வெட்டக் காகிதம் கேட்டபோது (சைகையில்தான் கேட்டாள்), சிக்கனம் ஒரு தடித்த தாளைக் கொடுத்தார். "இதுல ஒரு நகல் எடுத்து வெச்சுக்கிட்டேன், இனி அதுலருந்தே எடுத்துக்கலாம். இது எதுக்கு? நீ வெட்டிக்கோ," என்றார். வெட்டினாள். பசை தடவி அட்டையில் ஒட்டினாள். ஈரத்தில் தாள் ஊறியபோது அடியிலிருந்து எழுத்துகள் இடம் வலமாக மேலே தெரிந்தன. அட, இந்தப் பக்கமும் அச்சடித்திருக்கிறதே என்று நினைத்தாள். காய்ந்ததும் எழுத்து மறைந்தது. நினைப்பும் மறைந்தது.

ஆணியிலிருந்து பாக்கெட் மூடியையும் தோள்பட்டியையும் எடுத்தாள். இரண்டுக்கும் மேலே படிவத்தின் தலைப்புத் துண்டுகள் இருந்தன. பதினொரு வருடமாகத் தினமும் கையில் எடுக்கிறாள், அதைப் படிவமாக அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு அது பாக்கெட் மூடிதான். ஈரத் துணியை மேலே போட்டு அரை மணி நேரம் காத்திருந்தாள். அப்புறம் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, தையல் பிரிப்பது போலப் பொறுமையாக உரித்தாள். திருப்பினாள். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

பாக்கெட் மூடியில் இருந்தது: 'கால் நீளம் அளக்கும் முறை. சுவரில் முதுகு ஒட்டத் தரையில் அமர்ந்து, காலை நேராக நீட்டி.' தோள்பட்டியில் மிச்சம்: 'சுவரிலிருந்து குதிகால் வரை. குறைந்தது 99 செ.மீ.'

நோட்டை எடுத்தாள். கால் பத்தியில் கொக்குக்கு அவள் எழுதியிருந்தது முப்பத்தொரு அங்குலம். சிக்கனம் அதைச் சென்டிமீட்டராக்கிப் படிவத்தில் எழுதியது எழுபத்தொன்பது. தொடையிலிருந்து அளந்து, அதிலும் பூட்ஸுக்காக இரண்டு அங்குலம் கழித்த பேண்ட் அளவு! வருடா வருடம் சிக்கனம் வந்து "நோட்டக் குடும்மா, கால் பாத்துக்கறேன்" என்று வாங்கிப் போவார். அவளும் கொடுப்பாள். எதற்கு என்று கேட்டதில்லை. கேட்க வேண்டுமானால் ஊசியை எடுக்க வேண்டும்.

முப்பத்தாறு பிள்ளைகள். முகத்தை மறந்தாலும் அவர்கள் அளவு அவளுக்கு மறக்காது.

சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். வீட்டில் அவள் பேசுவாள், மெதுவாக, இரண்டு தடவை கேட்டால்.

"அடிப்பாவி! அப்ப இந்த ஊர்ல யாருக்குமே கால் குட்டை இல்லயா?"

"சத்தம் போடாதீங்க. நீங்க போய் சார்கிட்ட சொல்லிடுங்க."

"நான் சொன்னா யார் நம்புவா? தினமும், 'உள்ள எடம் இருக்கு, உள்ள போங்க'ன்னு பொய் சொல்றவன் நான். நீ சொல்லு. நீ பேசினாலே ஊர் ஆடிப்போயிடும். எதையோ சொல்ல வர்றான்னு கேப்பாங்க."

"என் நோட்டுலருந்துதான் போயிருக்கு. எல்லாரும் என்னத் திட்டுவாங்க."

"திட்டட்டும். திட்டறவங்களுக்குப் பதில் சொல்ல வேண்டாமே, நீதான் ஊசி வெச்சிருக்கியே."

வியாழக்கிழமை அவள் மேகம் சாரின் அறை வாசல்வரை போனாள். உள்ளே பெற்றோர் இருவர் உட்கார்ந்திருந்தார்கள், திரும்பி வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மறுபடி போனாள். அவர் தனியாகத்தான் இருந்தார். "என்னம்மா, நூல் தீந்துடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். நூல் வந்து சேர்ந்தது. இரண்டு டஜன்.

சனிக்கிழமை மைதானத்தில் பிள்ளைகள் அறுபது பேர். நாற்காலிகளில் பெற்றோர். மேகம் சார் மேடையில் ஏறித் தொண்டையைக் கனைத்தார். அன்று அவர் வானத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தே ஆரம்பித்தார்.

"இத்தன வருஷம் உங்கள மேல பாக்கச் சொன்னேன். தப்பு என்னோடது. எல்லாரும் பறக்க முடியாது. நம்ம ஊருக்குன்னு ஒரு அளவு இருக்கு..."

முன்வரிசையில் கொக்கு விறைப்பாக நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது ஜன்னல் வரை தெரிந்தது.

கிடங்குக் கதவு திறந்தது. கழுத்தில் டேப், கையில் பாக்கெட் மூடி, வாயில் மூன்று ஊசிகளோடு ஊசி அக்கா மைதானத்தின் நடுவே நடந்து வந்தாள். பதினொரு வருடத்தில் அவள் அந்தப் புல்லை மிதிப்பது அதுதான் முதல் தடவை. மேகம் சார் பேச்சை நிறுத்தி, அவசரமாகத் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா? எனக்குப் பட்டன் ஏதாவது போயிடுச்சா?"

கூட்டம் சிரித்தது. அவளுக்குக் காது இரண்டும் சுட்டன. ஏழாம் வகுப்பு, மணி அடிக்கக் காத்திருந்த அந்த வகுப்பு, கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டேப்பின் நுனியில் குத்திக்கொண்டாள்.

"உக்காருடி," என்றாள் கொக்கிடம்.

"எங்க அத்தை?"

"தரையில. மேடைச் சுவத்துல முதுகு ஒட்டணும். கால நீட்டு."

கொக்கு உட்கார்ந்து நீட்டினாள். இரண்டாம் வரிசை பின்வாங்க வேண்டியிருந்தது. ஊசி அக்கா சுவரிலிருந்து குதிகால் வரை டேப்பைப் பிடித்தாள். மறுபடி பிடித்துச் சரிபார்த்தாள்.

"நாப்பத்தொண்ணு," என்றாள்.

"என்ன நாப்பத்தொண்ணு?" என்றார் மேகம் சார்.

"கால் சார். இதான் கால். நான் நோட்டுல எழுதறது கால் இல்ல, பேண்ட். அதுலயும் பூட்ஸுக்கு ரெண்டு இஞ்ச் கொறச்சிருப்பேன். பின்பக்கம் வெள்ளை இல்ல சார். பின்பக்கம் என்கிட்ட இருந்துச்சு. பாக்கெட் மூடியா."

வெளியில் அவள் இதற்கு முன் இவ்வளவு பேசியதில்லை. மேகம் சார் மேடையிலிருந்து இறங்கி, பாக்கெட் மூடியை வாங்கி வாசித்தார். தோள்பட்டியை வாசித்தார். இரண்டையும் சேர்த்து வைத்து மறுபடி வாசித்தார். சிக்கனம் காதிலிருந்த பென்சிலை எடுத்து உள்ளங்கையில் எழுதிப் பெருக்கி, "நூத்திநாலு," என்று முணுமுணுத்தார். "தொண்ணூத்தொம்பதுதான் கேக்கறாங்க."

மேகம் சார் மெதுவாகத் திரும்பினார்.

"யோவ் சிக்கனம். பின்பக்கம் நகல் எடுக்கலயா?"

"ரெண்டு பக்கமும் எடுத்தா மை சீக்கிரம் தீந்துடும் சார். முன்பக்கத்துலதான் பேரு, விலாசம் எல்லாம் இருந்துச்சு. பின்பக்கம் சும்மா விதிமுறைன்னு விட்டுட்டேன்."

"முப்பத்தாறு புள்ளைங்கள கம்பியில தொங்க விட்டேனேய்யா!"

"கை நீண்டிருக்கு சார்," என்றாள் ஊசி அக்கா. ஆறுதலாகத்தான் சொன்னாள். யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அவ்வளவுதான், அணிவகுப்பு கலைந்துவிட்டது. அறுபது பிள்ளைகளும் கிடைத்த சுவரில் எல்லாம் முதுகை ஒட்டிக்கொண்டு காலை நீட்டின. பார்க்க, விபத்து நடந்த இடம் மாதிரி இருந்தது.

சந்தடி அடங்கியதும் மேகம் சார் கிடங்குக்கு வந்தார். கதவைச் சாத்தினார். சீருடையோடு தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார்.

"எனக்கும் ஒரு தடவ பாத்துடும்மா," என்றார். "பதினேழு வயசுல என்னயும் இதச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினாங்க. அங்கயும் ஒரு சிக்கனம் இருந்திருப்பானோ என்னமோ."

அவள் அளந்தாள். டேப்பை மறுபடி வைத்துப் பார்த்தாள். ஒரு அங்குலத்தைக் கூட்டிச் சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் பதினொரு வருடமாகத் தப்பான அளவை அனுப்பியவள் அவள்.

"முப்பத்தெட்டு," என்றாள்.

"சென்டிமீட்டர்ல?"

"தொண்ணூத்தாறரை இருக்கும் சார்."

"டேப்ப இழுத்துப் பிடிச்சியா?"

"பிடிச்சேன் சார்."

அவர் தன் கால்களை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப அவங்க சொன்னது சரிதான். நாப்பது வருஷமா அவங்களத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்." எழுந்து பேண்ட்டைத் தட்டினார். "இத யார்கிட்டயும் சொல்லாதே. உன்கிட்டப் போய் இதச் சொல்றேன் பாரு!"

புதுப் படிவம் திங்கட்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் தலைமை அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். தபாலை நம்ப முடியாது. ஊசி அக்காவின் கணவர் அதைத் தன் தோல் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று அவர் பஸ் மூன்று ஸ்டாப்பில் நிற்கவில்லை. கை காட்டியவர்களிடம், "உள்ள எடம் இல்ல!" என்று கத்தினார். பாதி பஸ் காலி. மாலை நாலே காலுக்குப் படிவத்தில் முத்திரை விழுந்தது. வாங்கிக்கொண்ட அதிகாரி அளவைப் பார்த்துவிட்டு, "உங்க பிரிவுலருந்தா? எட்டு வயசுப் புள்ளைங்களச் சேக்கறீங்கன்னு இத்தன வருஷமா நெனச்சிக்கிட்டிருந்தோம்," என்றாராம்.

சேதி ஊருக்குள் பரவியது. அடுத்த வாரம் கிடங்கு வாசலில் பழைய கேடட்டுகள் வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் இப்போது பெரிய ஆட்கள். தொப்பை போட்ட பேங்க் காஷியர், பல் டாக்டர், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா ஒருத்தி, இடுப்பில் ஒன்றோடு. யாருக்கும் இனி எந்தப் பயனும் இல்லை, வயது தாண்டிவிட்டது. ஆனாலும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார்கள். காஷியருக்குத் தொண்ணூற்றேழு. "அப்பாடா," என்று எழுந்து போனார். அந்த அம்மாவுக்கு நூற்றிரண்டு. கணவனுக்கு உடனே போன் போட்டு, "கேளுங்க, நான் பைலட்!" என்றாள். பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவருக்கு நூற்றொன்று. அவர் டேப்பைத் தானே ஒரு தடவை பார்த்தார்.

"அக்கா, அப்பவும் நீங்கதானே அளந்தீங்க?" என்றார்.

"ஆமா. மன்னிச்சுக்கோங்க," என்றாள் ஊசி அக்கா. அதைச் சொல்வதற்காகவே ஊசியை எடுத்திருந்தாள்.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "பேண்ட் நல்லா இருந்துச்சு அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. கொக்கு பயிற்சிப் பள்ளியில் இருக்கிறாள். தனியாகப் பதினேழு தடவை பறந்திருக்கிறாள். மேலே குளிருமே, ஸ்வெட்டர் போட்டாயா என்று நாத்தனார் ஒவ்வொரு தடவையும் போனில் கேட்கிறாள். அவளுக்குப் பிறகு பிரிவிலிருந்து ஐந்து பேர் படிவம் அனுப்பினார்கள். மூன்று பேர் கண் பரிசோதனையில் திரும்பினார்கள். மேகம் சார் இப்போது மைதானத்தில் பிள்ளைகளுக்குத் தொலைவில் உள்ள பலகையைப் படிக்கப் பயிற்சி கொடுக்கிறார். இரும்புக் கம்பியில் சிக்கனம் துண்டு காயப்போடுகிறார். படிவம் இரண்டு பக்கமும் நகல் எடுக்கப்படுகிறது. ஊசி அக்காவின் நோட்டில் ஆறாவதாக ஒரு பத்தி இருக்கிறது. அவள் இதுவரை விமானம் ஏறியதில்லை. வாயில் மூன்று ஊசிகள் இருக்கின்றன. படிவம் நிரப்பும் நாளில் மட்டும் அவை டேப்பில் இருக்கும்.